ஆத்தங்குடிக் கல், ரெட் ஆக்சைடு, விட்ரிஃபைடு: உங்கள் வீட்டுத் தரைக்கு எது?

இன்டீரியர் என்று ஆரம்பித்தாலே மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், டிவி யூனிட் என்றுதான் பேச்சு ஓடுகிறது. ஆனால் சமீப காலமாக நம் ஊர் வீடுகளில் வந்திருக்கும் பெரிய மாற்றம் தரையில்தான். பல வருடங்களாக யார் வீட்டுக்குப் போனாலும் ஐவரி நிறத்தில், முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் இரண்டுக்கு இரண்டு டைல்ஸ்தான் இருந்தது. இப்போது வீடு கட்டுகிறவர்கள் இன்ஜினியரிடம் காட்டும் படங்கள் வேறு. சிவப்புத் தரை, பூப்போட்ட ஆத்தங்குடிக் கல், செங்கல் நிறம், பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ். பாட்டி வீட்டில் அப்பா காலத்தில் உடைத்துப் போட்ட தரையைப் பேத்திகள் தேடிப் பிடித்துப் போடுகிறார்கள்.

இந்த மாற்றம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதே சமயம், படத்தைப் பார்த்து மயங்கி, போடக்கூடாத அறையில் போடக்கூடாத தரையைப் போட்டுவிட்டுக் கறையோடு போராடுகிறவர்களையும் பார்க்கிறேன். சோபா பிடிக்கவில்லையென்றால் மாற்றிவிடலாம். பெயின்ட்டை அடுத்த பொங்கலுக்கு மாற்றலாம். தரையை மாற்ற வேண்டுமானால் வீட்டையே காலி செய்து உடைக்க வேண்டும். அதிலும் நாம் வெறுங்காலோடு நடக்கிறவர்கள். தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவோம், மத்தியானத்தில் ஒரு தலையணையை மட்டும் போட்டுப் படுப்போம், தினமும் தண்ணீர் விட்டுத் துடைப்போம். தரையைத் தேர்ந்தெடுக்கும்போது இதையெல்லாம்தான் முதலில் நினைக்க வேண்டும். நிறமும் டிசைனும் அப்புறம்.

இன்று போட்டி பெரும்பாலும் இந்த மூன்றுக்குள்தான்: கடையில் வாங்கும் விட்ரிஃபைடு டைல்ஸ், ஆத்தங்குடிக் கல், கொத்தனார் நம் வீட்டிலேயே தேய்த்துப் போடும் ரெட் ஆக்சைடு தரை.

விட்ரிஃபைடு

இதைக் குறைத்துப் பேசுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. களிமண், சிலிக்கா முதலியவற்றை அழுத்தி, சுமார் 1200 டிகிரி வெப்பத்தில் சுட்டு எடுப்பதால் இது தண்ணீரைக் குடிப்பதே இல்லை என்று சொல்லலாம். நீர் உறிஞ்சும் அளவு தன் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவு. சாம்பார் கொட்டினாலும், குழந்தை மஞ்சள் தண்ணீரைக் கவிழ்த்தாலும், துடைத்தால் போய்விடும். வாடகைக்கு விடும் வீட்டுக்கு இதைவிடக் கவலையில்லாத தரை கிடையாது.

குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியில் வரும் இந்த டைல்ஸில் வகைகள் உண்டு, கடையில் அவசியம் கேட்க வேண்டும். டபுள் சார்ஜ் என்றால் மேலே சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு நிறம் இறங்கியிருக்கும், தேய்ந்தாலும் தெரியாது. ஜிவிடி என்றால் மேலே டிஜிட்டல் பிரிண்ட்டும் அதன் மேல் ஒரு கண்ணாடிப் பூச்சும்தான். மரம் மாதிரி, மார்பிள் மாதிரி வருவதெல்லாம் இந்த வகை. கனமான பொருள் விழுந்து ஓரம் பெயர்ந்தால் உள்ளே இருக்கும் வேறு நிறம் எட்டிப் பார்க்கும். ஃபுல் பாடி என்றால் மேலிருந்து கீழ் வரை ஒரே நிறம், விலையும் கூடுதல்.

இப்போதைய மோகம் நான்கடிக்கு இரண்டடி டைல்ஸ். இணைப்புகள் குறைவாகத் தெரியும், அறை பெரிதாகத் தோன்றும். உண்மைதான். ஆனால் ஒன்பது மில்லிமீட்டர் கனத்தில் அப்படி ஒரு டைல் பதினைந்து கிலோ வரும். அதை மட்டமாக உட்கார வைக்க நல்ல கை வேண்டும். அடியில் அங்கங்கே கலவையை உருண்டை உருண்டையாக வைத்து ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒட்டிய தரையை நாணயத்தால் தட்டினால் டொக்கு டொக்கு என்று சத்தம் வரும். கனமான அலமாரியை அந்த இடத்தில் நகர்த்தினால் விரிசல் விழும்.

டைல்ஸ் "வெடித்துவிட்டது" என்று அபார்ட்மென்ட்களில் சொல்வார்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். திடீரென்று ஒரு சத்தம், நடு ஹாலில் இரண்டு டைல் கூரை மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். பூதமும் இல்லை, பூகம்பமும் இல்லை. டைல்ஸைச் சுவரோடு சுவராக நெருக்கி, நடுவில் இடைவெளியே விடாமல் போட்டிருப்பார்கள். சூட்டில் டைல் விரியும், அடியில் இருக்கும் கான்கிரீட் வருடக்கணக்கில் கொஞ்சம் சுருங்கும். போக இடமில்லாமல் டைல் மேலே எழும்பும். தண்ணீர் குடிக்காத டைலில் வெறும் சிமென்ட் பாலும் சரியாகப் பிடிக்காது. ஆகவே ஸ்பேசர் வைத்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி, சுவரோரம் ஸ்கர்ட்டிங் மறைக்கிற அளவுக்கு ஓர் இடைவெளி, ஐஎஸ் 15477 என்ற இந்தியத் தர எண்ணைப் பையில் அச்சிட்ட டைல் பசை. இந்த மூன்றுக்கும் ஒத்துக்கொள்ளாத மேஸ்திரியிடம் பெரிய டைல்ஸைக் கொடுக்காதீர்கள்.

பளபளப்பைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் பாலிஷ் டைல்ஸ் போடவே கூடாது. ஈரக் காலோடு பாத்ரூமிலிருந்து வெளியே வைக்கும் முதல் அடியில்தான் வழுக்கும். மேட் ஃபினிஷில், வழுக்காமையைக் காட்டும் தர எண் ஆர்10 அல்லது அதற்கு மேல் என்று கேட்டு வாங்குங்கள். கடையிலேயே சாம்பிளைக் கீழே வைத்துத் தண்ணீர் தெளித்து, செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் நினைக்க மாட்டார்.

ஆத்தங்குடிக் கல்

ஆத்தங்குடி, சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். செட்டிநாட்டு வீடுகளுக்குக் கப்பலில் வெளிநாட்டு டைல்ஸ் வந்துகொண்டிருந்த காலத்தில், அதற்கு உள்ளூர் பதிலாக வளர்ந்த தொழில் இது. வாங்குவதாக இருந்தால் ஒருமுறை அந்த ஊருக்கே போய், செய்வதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பார்த்த பிறகுதான் இந்தக் கல்லிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது புரியும்.

பட்டறையில் ஒருவர் முன்னால் சதுரமான கண்ணாடித் துண்டு இருக்கும். அதைச் சுற்றி இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவில் தகட்டால் செய்த அச்சு. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கூழாகக் கரைத்து வைத்திருக்கும் சிமென்ட்டைச் சின்னக் கரண்டியால் மொண்டு, அச்சின் ஒவ்வொரு அறையிலும் விடுவார். ஒரு துளி பக்கத்து அறைக்குள் சிந்தாது. பிறகு அச்சை நேராக மேலே தூக்குவார். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும், கலக்காது. அதன் மேல் உலர்ந்த சிமென்ட்டும் மணலும் கலந்த தூளைத் தூவுவார், மிச்ச ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். அப்புறம் கலவையை நிரப்பி, அழுத்தி, மட்டம் தட்டிச் சட்டத்தைக் கழற்றி ஓரமாக வைப்பார். இறுகியதும் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறும். எடுத்துக் காய வைத்ததும் கண்ணாடி விட்டு வந்துவிடும். சூளையே கிடையாது. கல்லின் வழவழப்பு அந்தக் கண்ணாடியின் மேல் படிந்து இறுகியதால் வந்தது.

இதிலிருந்து மற்றதெல்லாம் புரியும். கையால் ஊற்றியதால் ஒரு கல் மாதிரி இன்னொன்று இருக்காது. ஒரு பூவின் இதழ் கொஞ்சம் தடித்திருக்கும், ஒரு மஞ்சள் கொஞ்சம் மங்கலாக இருக்கும். அறை முழுக்கப் பரவும்போது அந்தச் சின்ன வேறுபாடுதான் தரைக்கு உயிர் கொடுக்கிறது. எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல் வேண்டும் என்கிறவர்கள் இதை வாங்கக் கூடாது, வாங்கினால் தினமும் குறைதான் கண்ணில் படும்.

சுடாத சிமென்ட் என்பதால் இது குடிக்கும். எண்ணெய், மஞ்சள், காபி எல்லாவற்றையும் உடனே துடைக்காவிட்டால் உள்ளே இறங்கும். எலுமிச்சை, புளி, வினிகர் பட்ட இடம் வெளுத்துச் சொரசொரப்பாகும். பாத்ரூம் கழுவும் ஆசிட் ஒரு சொட்டுக்கூட ஆகாது. அதனால் சமையலறைக்கும் குளியலறைக்கும் இதைப் போட வேண்டாம் என்பதே என் முடிவான கருத்து. வெள்ளை நிறம் அதிகமாக வரும் டிசைனைச் சாப்பிடும் இடத்திலும் தவிர்த்துவிடுங்கள். ஹால், முற்றத்தைச் சுற்றி வரும் தாழ்வாரம், திண்ணை, பூஜை அறை இவைதான் இந்தக் கல்லுக்கு ஏற்ற இடங்கள். அங்கே போட்டால் மிதிக்க மிதிக்க மெருகேறும். துடைக்கிற தண்ணீரில் எப்போதாவது சில சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் போதும். பாலிஷ் இயந்திரம் வைத்துத் தேய்த்தால் மேலே இருக்கும் மெல்லிய நிற அடுக்கே போய்விடும்.

பதிக்கும் வேலை வேறு மாதிரி. இருபது மில்லிமீட்டர் கனமுள்ள கல்லை ஒன்றரை அங்குலக் கலவைப் படுகையின் மேல், இணைப்பு தெரியாத அளவுக்கு நெருக்கி வைக்க வேண்டும். மேலே சிந்திய சிமென்ட் பாலை அப்போதே ஈரத் துணியால் எடுத்துவிட வேண்டும், காய்ந்தால் கறையாக நிற்கும். பத்து அங்குலக் கல்லில் ஆயிரம் சதுர அடிக்கு 1440 கல் வேண்டும். அதே இடத்துக்கு நான்கடி டைல்ஸ் என்றால் சுமார் 130 போதும். கூலி ஏன் கூடுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பெயின்ட் வேலை, கதவு பாலிஷ் எல்லாம் முடிந்த பிறகே இதைப் பதிக்க வேண்டும். பல வீடுகளில் கல் கெட்டுப்போவது பெயின்டர் சிந்தியதால்தான்.

அபார்ட்மென்ட்டில் பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே இதைப் போட முடியுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். கல்லும் படுகையும் சேர்ந்து சதுர அடிக்குப் பன்னிரண்டு கிலோ வரை சுமை ஏறும். தரை இரண்டரை அங்குலம் உயரும், ஒரு கதவும் திறக்காது. அதே இடத்தில் விட்ரிஃபைடைப் பசை வைத்து ஒட்டினால் சுமை மூன்று கிலோவுக்குள், உயரம் அரை அங்குலத்துக்குள் முடிந்துவிடும்.

இந்த இடத்தில்தான் நான்காவதாக ஒன்று நுழைகிறது: ஆத்தங்குடி டிசைனை அச்சடித்த விட்ரிஃபைடு. கடைகளில் "ஆத்தங்குடி மாடல்" அல்லது "மொராக்கன்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சாம்பல் நிறச் சிமென்ட் தெரிந்தால் நிஜம். சுட்ட ஓடு போல வரி வரியாகக் கோடுகள் இருந்தால் பிரிண்ட். நிஜக் கல்லின் பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று பெட்டிகளைப் பிரித்துப் பரப்பினால் ஒரே கீறல், ஒரே நிழல் திரும்பத் திரும்ப வருவது பிரிண்ட்டில் தெரிந்துவிடும். பிரிண்ட் டைல் கெட்டது என்று நான் சொல்லவில்லை. சமையலறையில் அந்த டிசைன் வேண்டும் என்றால் அதுதான் சரியான வழி. ஆனால் கைவேலைக்கான விலையை அதற்குக் கொடுக்காதீர்கள். பட்டறையில் உட்கார்ந்து கரண்டியால் ஊற்றுகிறவருக்குப் போக வேண்டிய காசு அது.

ரெட் ஆக்சைடு

மூன்றில் என் மனசுக்கு நெருக்கமானது இது. மூன்றில் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான், காரணம் பொருள் அல்ல, ஆள்.

பொருளுக்குச் செலவு மிகக் குறைவு. சிமென்ட், மணல், இரும்பு ஆக்சைடு நிறப்பொடி. மற்றதெல்லாம் கொத்தனாரின் கை. கான்கிரீட் படுகை மேல் கலவை போட்டு, ரசமட்டம் பார்த்து, அது இறுகத் தொடங்கும் நேரம் பார்த்து, சிமென்ட்டும் ஆக்சைடும் சேர்ந்த கூழைப் பரப்பிக் கரணையால் தேய்க்க வேண்டும். சீக்கிரம் தேய்த்தால் தண்ணீர் மேலே வந்து தரை பலவீனமாகும், தாமதமானால் கூழ் பிடிக்காது. ஓர் அறையைத் தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்திய இடம் கோடாகத் தெரியும். முடித்த பிறகு ஓரத்தில் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தி, குறைந்தது ஒரு வாரம் காயவிடாமல் வைக்க வேண்டும். இன்றைய அவசரத்தில் இந்த ஒரு வாரத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். விளைவு, சிலந்தி வலை போல மெல்லிய விரிசல்கள். நிறம் அடர்த்தியாக வரட்டும் என்று ஆக்சைடை அள்ளிக் கொட்டினால் தரை பொடியாகும். வெள்ளை வேட்டியிலும் பாதத்திலும் சிவப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

சரியாக அமைந்துவிட்டால் இதற்கு ஈடில்லை. இணைப்பே இல்லாத ஒரே பரப்பு. உட்கார்ந்தாலும் படுத்தாலும் எந்த ஓரமும் குத்தாது. அரைத்த அரிசி மாவில் இழைக்கோலம் போட்டால் சிவப்பில் வெள்ளை எடுத்துக் காட்டுவது போல வேறெந்தத் தரையிலும் வராது. ஆத்தங்குடிக் கல்லில் கோலம் பூக்களுக்கு நடுவே தொலைந்துபோகும். பாலிஷ் டைல்ஸில் மாவு பிடிக்காமல் உதிர்ந்துவிடும், அதனால்தான் அங்கே ஸ்டிக்கர் கோலம் வந்தது. பழைய அக்கிரகார வீடுகளிலும் கிராமத்து ஓட்டு வீடுகளிலும் ஐம்பது வருடத்துக்கு மேலான சிவப்புத் தரைகள் இன்னும் நன்றாக இருக்கின்றன. அவற்றில் விரிசல் இல்லாமல் இல்லை. விரிசலோடும் அழகாக இருக்கின்றன.

பெரிய ஹாலில் போடுவதானால் முழுதையும் ஒரே பரப்பாகப் போடச் சொல்லாதீர்கள். பித்தளை அல்லது கண்ணாடிப் பட்டை வைத்துக் கட்டம் கட்டமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். விரிசல் வந்தாலும் பட்டையோரமாகவே வரும். சுற்றிலும் கறுப்புக் கரை கட்டினால் பழைய வீட்டுக் களை தானாக வந்துவிடும். ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்: ஒருமுறை உடைத்துக் குழாய் வேலை செய்தால், ஒட்டுப்போட்ட இடத்தின் நிறம் பழையதோடு ஒருநாளும் சேராது. ஆகவே பிளம்பிங் லைன் போகும் வழியில் இதைப் போட வேண்டாம்.

குளிர்ச்சி என்ற பேச்சு

"ஆத்தங்குடிக் கல் போட்டால் ஏசியே வேண்டாம்" என்று விற்கிறவர்கள் சொல்கிறார்கள். இதை நம்பி முடிவெடுக்காதீர்கள். காலுக்கு ஜில்லென்று இருப்பது கல், சிமென்ட், விட்ரிஃபைடு எல்லாவற்றுக்கும் பொதுவான குணம். தரைத்தளத்தில் அடியில் இருக்கும் மண்தான் சூட்டை இழுத்துக்கொள்கிறது. பழைய செட்டிநாட்டு வீடு குளிர்ந்திருந்தது என்றால் அதற்கு முற்றம், உயரமான கூரை, கனமான சுவர், சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் சேர்ந்து காரணம். மூன்றாவது மாடி ஃபிளாட்டில், மேற்குச் சுவரில் வெயில் அடிக்கும் அறையில், எந்தத் தரையும் அந்த வேலையைச் செய்யாது. ஈரப்பதமான நாட்களில் ஒரு வித்தியாசம் உண்டு. காற்றில் ஈரம் கூடினால் பளபள டைல்ஸ் மேல் வேர்வை மாதிரி ஈரம் படியும், சிமென்ட் தரை அதில் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். அவ்வளவுதான்.

படங்களில் அடிக்கடி வரும் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெராசோ என்று இப்போது புதுப் பெயரில் வருவது நம் பழைய மொசைக் தரைதான். பளிங்குச் சில்லுகளைச் சிமென்ட்டில் போட்டு மிஷினால் தேய்ப்பது, உறுதியானது, வீட்டில் ஏற்கெனவே இருந்தால் உடைக்காமல் மறுபடி பாலிஷ் போடுங்கள். மைக்ரோசிமென்ட் பழைய டைல்ஸ் மேலேயே இரண்டு மூன்று மில்லிமீட்டர் பூசுவது. ஃபிளாட்டுக்கு நல்ல வழி, ஆனால் மேல் பூச்சைச் சில வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும், அடியில் டொக்கு டைல் இருந்தால் இதுவும் வெடிக்கும். லேமினேட் மரத்தரை தினமும் தண்ணீர் விட்டுத் துடைக்கும் வீட்டுக்கு ஆகாது, ஓரங்கள் ஊதிவிடும்.

என் வீட்டுக்கு நான் எப்படிப் பிரிப்பேன்

தனி வீடு, தரைத்தளம், அவசரம் இல்லை என்றால்: ஹாலுக்கும் திண்ணைக்கும் ஆத்தங்குடி, பூஜை அறைக்கும் ஒரு படுக்கையறைக்கும் ரெட் ஆக்சைடு, சமையலறை, பாத்ரூம், துணி துவைக்கும் இடம் எல்லாவற்றுக்கும் மேட் விட்ரிஃபைடு. மூன்றின் கனமும் வேறு வேறு என்பதால் இதை முதலிலேயே இன்ஜினியரிடம் சொல்லிவிட வேண்டும். கான்கிரீட் படுகையின் மட்டத்தை அறைக்கு அறை மாற்றிப் போட்டால்தான் முடிவில் வாசற்படியில் கால் இடறாது. பாத்ரூமுக்கு வாட்டம் கொடுப்பதும் அந்தக் கட்டத்திலேயே முடிவாக வேண்டும்.

ஃபிளாட் என்றால் யோசிக்கவே வேண்டாம், மேட் விட்ரிஃபைடு. ஆசைக்கு வேண்டுமானால் பால்கனிக்கு மட்டும், பழைய டைல்ஸை உடைத்துவிட்டு, மழைத் தண்ணீர் தேங்காதபடி வாட்டம் பார்த்து ஆத்தங்குடி போடுங்கள். வெளியூர்க்காரர்கள் பராமரிக்கிற வீடு, வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற வீடு, இவற்றுக்கும் விட்ரிஃபைடுதான்.

ரெட் ஆக்சைடு போடுவதென்றால் டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன்னால் கொத்தனாரைத் தேடுங்கள். அவர் ஏற்கெனவே போட்ட தரை ஒன்றை, குறைந்தது இரண்டு கோடையைப் பார்த்த தரையாக, நேரில் போய்ப் பாருங்கள். குனிந்து உள்ளங்கையால் தடவுங்கள், கையில் சிவப்பு ஒட்டுகிறதா பாருங்கள். அந்த வீட்டம்மாவிடம் எத்தனை நாள் தண்ணீர் நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். அப்படி ஒரு தரையைக் காட்ட ஆள் இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு ஆத்தங்குடிக் கல்லே வாங்கிவிடலாம். அதில் பாதி வேலை பட்டறையிலேயே சரியாக முடிந்து வருகிறது.

ஆத்தங்குடி ஆனாலும் விட்ரிஃபைடு ஆனாலும் அளவுக்கு மேல் பத்து சதவீதம் சேர்த்து வாங்குங்கள். டைல்ஸ் பெட்டிகளில் பேட்ச் நம்பர் எல்லாம் ஒன்றுதானா என்று இறக்கும்போதே பாருங்கள், பேட்ச் மாறினால் நிறம் மாறும். மிச்சமானதை வாட்ச்மேனுக்கோ கான்ட்ராக்டருக்கோ கொடுத்துவிடாமல், எந்த அறைக்கு உரியது என்று பெட்டி மேல் எழுதி மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வையுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு கல் உடைந்தால் கடையில் அதே டிசைன் கிடைக்காது.